காத்திருப்பவரின் விசுவாசம்

புத்தாண்டுப் பிறப்பன்று தமிழ்நாட்டுத் திருச்சபைகள் பலவற்றில், வேதவசனம் ஒன்று அச்சிட்ட அட்டையை அவ்வாண்டின் வாக்குத்தத்தமென்று ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பது வழக்கம். அதைப் பக்தியோடு பெற்றுச் சென்றவர், ஆண்டு முடிந்தும் மகளுக்கு வரன் அமையாமலும் நோய் தீராமலும் இருக்கக் கண்டு, தம் விசுவாசத்திலேதான் குறையோ என்று கலங்குவது அபூர்வமன்று. சந்தேகம் எழுந்த மாத்திரத்தில் விசுவாசம் ஒழிந்ததென்று அவரைக் கடிந்துகொள்வோர், வேதத்தை ஆழ்ந்து வாசித்தவர்களல்லர் என்றே சொல்வேன்.

75 வயதில் தேவனுடைய அழைப்பை ஏற்றுப் புறப்பட்ட ஆபிரகாமுக்கு, வாக்களிக்கப்பட்ட மகன் பிறந்தது 100 வயதில். இடைப்பட்ட காலத்தில், சந்ததியில்லாத தமக்கு வேறெதைத் தந்து என்ன பயன் என்று அவர் தேவனிடமே முறையிட்டார். பொறுக்கமாட்டாமல் ஆகாரின் வழியே இஸ்மவேலைப் பெற்றார். 99 வயதில் மீண்டும் அதே வாக்கைக் கேட்டபோது முகங்குப்புற விழுந்து நகைத்தார். இத்தனைக்கும் பிறகு அவரையே விசுவாசிகளுக்குத் தகப்பன் என்று பவுல் எழுதுகிறார்.

நமக்குச் சற்று அண்மைக் காலத்தவரான மிஷனரி அதோனிராம் ஜட்சனின் சரித்திரம் இதை இன்னும் துலக்கமாகக் காட்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 1788-இல் பிறந்த அவர், 1812-இல் மனைவி ஆனுடன் கப்பலேறிக் கல்கத்தா சேர்ந்து, அங்கே தங்கக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இடங்கொடாமையால் மொரீஷியஸுக்கும் அங்கிருந்து சென்னைக்கும் அலைந்து, சென்னையில் கிடைத்த கப்பலிலேறி 1813 ஜூலையில் பர்மாவின் இரங்கூனில் வந்திறங்கினார். பாஷை பயின்று, மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்த்து, சாலையோரத்தில் சாவடி கட்டி வழிப்போக்கரோடு பேசிய அவரிடம், மவுங் நௌ என்னும் முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். அதாவது ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு.

அதனினும் கொடிய காலம் பின்னர் வந்தது. 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் யுத்தம் மூளவே, ஒற்றரென்ற சந்தேகத்தின்பேரில் அவரை ஆவா நகரில் விலங்கிட்டுச் சிறைவைத்தார்கள். அவர் மொழிபெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டின் கைப்பிரதியை முதலில் மண்ணில் புதைத்துக் காத்த ஆன் அம்மையார், பிறகு அதை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்கே அனுப்பினார். கணவர் விடுதலையாகி ஓராண்டும் நிறையுமுன், 1826 அக்டோபரில் அவ்வம்மையார் காலமானார். ஆறு மாதத்தில் அவர்களுடைய சிறு குழந்தை மரியாவும் போயிற்று. சோகம் மேலிட்ட ஜட்சன் காட்டோரம் ஒரு குடிசையில் ஒதுங்கினார். தமக்கென ஒரு குழியும் தோண்டி அதன் அருகே அமர்ந்திருந்தார். தேவன் உண்டென நம்பியும் அவரைக் கண்டடைய இயலவில்லையே என்று கடிதத்தில் வேதனைப்பட்டார்.

ஊழியத்துக்கென்றே தம்மைத் தத்தம் செய்தவர் எழுதிய வார்த்தையல்லவா இது! ஆயினும் துயரம் முற்றும் தெளியட்டுமென்று அவர் பணியை ஒத்திவைக்கவில்லை. மனத்தில் இருள் கவிந்திருக்கும்போதே மொழிபெயர்ப்பைக் கையிலெடுத்தார். விசுவாசம் என்பது உள்ளத்து உற்சாகம் மாத்திரமன்று, தேவன் சொன்னதை உண்மையென்று கொண்டு அன்றன்றைய கடமையைச் செய்வதுமாகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த நிரூபணம் நான் அறியேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். விரும்பியதெல்லாம் கைகூடும் என்று வேதம் எங்கும் உறுதி கூறவில்லை. உன்னோடிருப்பேன், உன்னைக் கைவிடேன் என்பதே அதன் வாக்கு. ஜட்சனுக்கு மனைவியும் குழந்தையும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் 1834 ஜனவரியில் முழு வேதாகமத்தையும் பர்மிய பாஷையில் முடித்தார். 1850-இல் கடற்பயணத்தில் இறந்து கடலிலேயே அடக்கமானார். பர்மாவின் புராட்டஸ்டண்டு சபைகளில் அம்மொழிபெயர்ப்பு இன்றும் வாசிக்கப்படுகிறது.