கண்புரை: முற்றும் வரை காத்திருக்க வேண்டாம்



எங்கள் உம்மாவுக்குக் கண்புரை இருப்பது தெரிந்தும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டோம். "புரை நன்றாக முற்றட்டும், பிறகு ஆபரேஷன் செய்யலாம்" என்று சொந்தபந்தங்கள் சொன்னார்கள். நானும் சரி என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் சுபுஹுக்கு உளூச் செய்யப் போனவர்கள் படி தெரியாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு ஆபரேஷன் செய்து, அல்ஹம்துலில்லாஹ், பார்வை வந்தது. பழைய நடை வரவில்லை.

கண்மணிக்குப் பின்னால் உள்ள லென்ஸ் மங்குவதுதான் புரை. அக்காலத்தில் லென்ஸை முழுதாக எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி போட்டார்கள். அதனால் முற்றும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். இப்போது சிறு துளை வழியாகப் புரையை எடுத்து, உள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். முற்றவிட்டால் லென்ஸ் கெட்டியாகி ஆபரேஷன் கடினமாகும். சிலருக்கு அது உப்பி, கண் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டுவிடும். அப்படிப் போன பார்வை திரும்பாது.

பார்வை மங்குவது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, எதிரே வரும் வண்டி வெளிச்சம் கூசுவது, கண்ணாடி பவர் அடிக்கடி மாறுவது ஆகியவை அடையாளங்கள். வயதானவர் திடீரென்று கண்ணாடி இல்லாமலே குர்ஆன் ஓதினால் சந்தோஷப்பட்டு இருந்துவிடாதீர்கள். அதுவும் புரையின் தொடக்கமாக இருக்கலாம்.

வயதால் வரும் புரையை முழுதாகத் தடுக்க முடியாது. சீக்கிரம் வராமல் பார்த்துக்கொள்ளலாம்:

• சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள்.
• பீடி, சிகரெட்டை விடுங்கள்.
• வெயிலில் வேலை செய்பவர்கள் தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கூலிங் கிளாஸும் அணியுங்கள்.
• கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஊற்றாதீர்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீண்டநாள் ஊற்றினால் புரை வரும். டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை. சுர்மாவும் புரையைப் போக்காது. கடையில் விற்கும் சில சுர்மாக்களில் ஈயம் இருக்கிறது. குழந்தைகளுக்கு இடவே வேண்டாம்.

"ஆபரேஷன் செய்தால் ஸஜ்தா செய்ய முடியாதே" என்று தள்ளிப்போடும் பெரியவர்கள் நம் மஹல்லாவில் உண்டு. குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்பதெல்லாம் சில நாட்களுக்குத்தான். நோயாளி உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. உளூ பற்றி இமாமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் இலவசம். 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இன்றும் ஏழைகளுக்குக் கைகொடுக்கிறது. 1976இல் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையிலும் வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் உம்மா வாப்பாவிடம் கேளுங்கள்: "ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் முகத்தைப் பாருங்கள், தெளிவாகத் தெரிகிறதா?" அடுத்த கண்ணையும் அப்படியே பாருங்கள். மங்கலாக இருக்கிறது என்றால், இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். துணைக்கு ஆளில்லை என்றால் டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், கூட வர ஏற்பாடு செய்கிறோம்.

வஸ்ஸலாம்,
செயலாளர்