உறங்கும் வித்து

மண்ணில் வீழ்ந்த வித்து முளையாது கிடப்பதனால் அது மாண்டதென்று உழவன் துணிவதில்லை. மார்பகப் புற்றுநோயின் இயல்பும் ஒருவாற்றான் இத்தகையதே.

1889ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீவன் பஜெற், இந்நோயால் இறந்த 735 பெண்களின் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, ‘லான்செற்’ இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். வித்து எங்கும் பரவினும் ஏற்ற நிலத்திலன்றி முளையாது. புற்றுநோய்க் கலங்களும் அவ்வாறே என்பது அவர் கண்ட முடிபு.

அவ்வித்து எத்துணைக் காலம் உறங்கும்? 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, ஈஸ்ட்ரோஜன் சுரப்பைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான 62,923 பெண்களின் நிலையைத் தொகுத்து நோக்கிற்று. ஐந்தாண்டு மருந்துண்டு நோயின்றி இருந்தோர் இவர்கள். ஆயினும் சிலரிடத்து, அடுத்த பதினைந்து ஆண்டுகளிலும் நோய் தளராது மீண்டெழுந்தது.

மீளும் நோய் எலும்பு, நுரையீரல், ஈரல் என்பவற்றில் தோன்றுதல் பெரும்பான்மை. தோலில் தோன்றுதலும் உண்டு. அறுவைத் தழும்பிலோ மார்புத் தோலிலோ, சிறுபான்மை தலைத்தோலிலோ, கடினமான சிறு முடிச்சாக அது எழும். பெரும்பாலும் நோவு இராது. நோவின்மையே ஈண்டுப் பகையாகின்றது. ஜிந்துப்பிட்டியின் நெருங்கிய வீடுகளில் வாழும் தாய்மார் பலர், இத்தகைய முடிச்சைச் சூட்டுக்கட்டி என்றெண்ணிச் சந்தனம் பூசி இருந்துவிடுவர். இருபதாண்டுக்கு முன் நிகழ்ந்த அறுவையை இதனோடு இயைத்து நினைப்பார் யார்?

நாணமும் ஒரு தடையே. கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்த வரலாற்றை வகுப்பறையிற் கூசாது கற்பிக்கின்றோம். அவ்வுறுப்பில் நோயென்று நம் வீட்டுப் பெண்கள் வாய்திறக்க இடங்கொடுக்கின்றோமா? இலக்கியத்திற் கூசாத நாம் இல்லத்திற் கூசுதல் தகுமோ?

முடிச்செல்லாம் புற்றுநோய் அன்று. எனினும் சிறு துணுக்கெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கினாலன்றி உண்மை புலப்படாது. பழைய நோயின் தன்மை மாறியிருத்தலுங் கூடும். மருந்தும் அதற்கேற்ப மாறும். நோயை அடக்கி நெடுங்காலம் வாழ்வதற்கு மாத்திரை, கதிர்ச் சிகிச்சை, அறுவை எனப் பல வழிகள் உள. ஆதலின் பழைய அறுவையை மருத்துவரிடம் மறவாது கூறல் வேண்டும்.

புறக்கோட்டையில் 138ஆம் இலக்க பஸ் ஏறினால் மகரகமையை அடையலாம். அங்குள்ள அரசினர் புற்றுநோய் வைத்தியசாலையின் பெயர் ‘அபேக்ஷா’. எதிர்பார்ப்பு என்னும் பொருள்படும் அவ்வடசொல்லையே ‘அபேட்சை’ எனத் தமிழில் வழங்குகின்றோம். ஆண்டு பல கழிந்ததென்று வாளாவிராது, முடிச்சைக் கண்டவுடன் மருத்துவரிடம் காட்டுமாறு நம் தாய்மாருக்கு எடுத்துரைத்தல் கற்றோர் கடன்.