செய்தி சேர்ந்தது, பயன் சேர்ந்ததா?

அலுவலகம் என்றதும் கோப்பும் முத்திரையும் நம் நினைவுக்கு வருகின்றன. வந்த தாளைப் பதிவு செய்து உரிய மேசைக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நாம் கருதுகிறோம். அந்தத் தாளால் நடக்க வேண்டியது நடந்ததா என்று கேட்பவர் மிகச் சிலரே. அக்கேள்வியைக் கேளாமல் விடுவதன் விலை என்ன என்பதை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் அனுபவம் நமக்கு உணர்த்துகிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஏறத்தாழ 6.30 மணிக்குச் சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் அதிர்ந்தது. சற்று நேரத்தில் பேரலைகள் நிக்கோபார்த் தீவுகளின் மீது பாய்ந்தன. இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர் வாழ்ந்த கச்சல் தீவும் பேரழிவுக்கு உள்ளாயிற்று. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்திலிருந்து, தீவு நீரில் அமிழ்கிறது என்ற செய்தி காலை 8 மணிக்கு முன்பே சென்னையிலுள்ள படைப்பிரிவுக்குக் கிடைத்துவிட்டது. தமிழகக் கரையில் பேரலை மோதியது அதற்குப் பின்னரே. எனினும் மீனவர் குப்பங்களை எச்சரிக்கை எட்டவில்லை. தலைநகரில் நிலநடுக்கச் செய்தி தாங்கிய தொலைநகல் ஒன்று, முன்பே பதவி நீங்கிய அமைச்சர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றதாக அந்நாளில் பத்திரிகைகள் எழுதின.

இதைத் தனியொருவரின் தவறு என்று சொல்லி நாம் அமைந்துவிடலாகாது. செய்தி இருந்தது, அது யாரிடம் சேர வேண்டும், சேர்ந்தபின் அவர் என்ன செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை.

அதே நாளில் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவிய அறிவு மையம் ஒன்று இருந்தது. அலையின் உயரம், வானிலை ஆகியவற்றை ஒலிபெருக்கி வழியே மீனவர்க்கு நாள்தோறும் அறிவிப்பது அதன் வேலை. சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தி கேட்டுத் தம் வீட்டாருக்குத் தொலைபேசியில் சொன்னார். உடனே அந்த ஒலிபெருக்கியே எச்சரிக்கை முழங்கிற்று. வீடுகள் பல அழிந்தன. ஊரார் உயிர் பிழைத்தனர். ஒரு வேலைக்கென அமைந்த கருவி வேறொரு வேலைக்கும் வளைந்து கொடுத்தது. அதைக் கையாள அறிந்த மக்களும் அருகிலேயே இருந்தனர்.

இப்படிப்பினையை நாடு மறக்கவில்லை. 2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. அதன் நடைமுறையில் ஒரு நுட்பம் உண்டு. அலை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய இடங்களுக்கு, நில அதிர்வின் அளவை மட்டுமே கொண்டு எச்சரிக்கை விடுக்கப்படும். தொலைவிலுள்ள கரைகளுக்கோ, கடல் மட்டக் கருவிகள் உறுதி செய்த பின்னரே முழு எச்சரிக்கை. நிக்கோபார் காத்திருக்க முடியாது; சென்னை சற்றுக் காத்திருக்கலாம். எல்லோர்க்கும் ஒரே விதி என்னாமல், இடத்துக்கேற்ற விதியை வகுத்ததே இதன் சிறப்பு.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவை அடுத்து மீண்டும் பெருநிலநடுக்கம் நேர்ந்தபோது, 8 நிமிடங்களில் முதல் அறிவிப்பு வெளிவந்தது. கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை. ஆயினும் ஏற்பாடு சோதிக்கப்பட்டது. இந்துமாக்கடல் நாடுகள் 2009 முதல் சில ஆண்டுகளுக்கொருமுறை கூட்டாக ஒத்திகை நடத்தி, குறைகளைக் குறித்துக்கொள்கின்றன. இவ்வாறு தன் தவறுகளைத் தானே எழுதிவைத்துத் திருத்திக்கொள்ளும் நிறுவனமே கற்கும் நிறுவனம்.

மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நமக்கு மற்றொன்றும் தோன்றுகிறது. தமிழும் வங்காளியும் தெலுங்கும் இந்தியும் நிக்கோபாரியும் ஒலிக்கும் தீவுகளில், எச்சரிக்கை ஒரே மொழியில் நின்றுவிட்டால் அது பாதி வழியிலேயே நின்றதாகும். கேட்பவர்க்குப் புரியும் சொல்லே பயனுள்ள சொல்.

வெளி மாநிலங்களில் பணிபுரியும் தமிழன்பர்களே! உங்கள் அலுவலகச் சுவரில் தொங்கும் தொலைபேசிப் பட்டியலை இன்று ஒருமுறை பாருங்கள். ஓய்வு பெற்றவர் பெயர் அதில் இருக்கிறதா? புதிதாய் வந்தவர் பெயர் விடுபட்டிருக்கிறதா? ஆபத்து வந்தபின் அதைத் திருத்த நமக்கு அவகாசம் இராது.