'வலி' என்னும் ஒரு சொல் போதுமா?

'வலி' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு: ஒன்று வலிமை, மற்றொன்று நோவு. திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம் முன்னதைப் பேசுகிறது. இவ்வுரை பின்னதைப் பற்றியது. அதிலும், முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்து வரும் வலியைப் பற்றியது.

முதுகெலும்பு பக்கவாட்டில் 10 பாகையோ அதற்கு மேலோ வளைந்திருப்பதை 'ஸ்கோலியோசிஸ்' என்பர்; பக்கவளைவு எனலாம். வளரிளம் பருவத்தில் இது பெரும்பாலும் வெளிப்படும். வளைவு ஏறத்தாழ 50 பாகையை எட்டினால் அறுவை பரிந்துரைக்கப்படும். அமெரிக்க மருத்துவர் பால் ஹாரிங்டன் தம் எஃகுக் கம்பி முறையை 1962இல் வெளியிட்டார். இன்று முள்ளெலும்புகளில் திருகாணிகளைப் பொருத்திக் கம்பிகளால் பிணைக்கின்றனர். நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இவ்வறுவை நடைபெறுகிறது.

இக்கம்பி தூணன்று, சாரம். கட்டடம் இறுகும்வரை சாரம் தாங்குவதுபோல, எலும்புகள் ஒன்றாக இணையும்வரை கம்பி தாங்குகிறது. காலந்தாழ்ந்த வலிக்கான காரணங்கள் பலவற்றை இதைக்கொண்டே விளக்கலாம்.

முதலாவது, எலும்பு இணையாமை. இணையாத இடத்தைப் 'பொய்மூட்டு' என்பர். அங்கே சுமை முழுவதும் கம்பியின்மேல் விழுகிறது. ஓயாமல் வளைந்து நிமிரும் உலோகம் களைத்து முறியும், அல்லது திருகாணி தளரும். குனிந்து நிமிர்கையில் வலி மிகும், ஓய்வில் தணியும்.

இரண்டாவது, மந்தமான தொற்று. தோலில் வாழும் சில நுண்ணுயிரிகள் உலோகத்தின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். காய்ச்சலின்றியும் உள்ளுக்குள் உளைச்சல் தோன்றலாம். தழும்பருகே நீர் கசியலாம்.

மூன்றாவது, அண்டைப் பகுதியின் தேய்வு. இணைந்த எலும்புகள் வளையா. ஆகவே, அவற்றின் கீழுள்ள வட்டுகள் கூடுதல் உழைப்பை ஏற்றுத் தேய்கின்றன. நரம்பு நெருக்கப்பட்டால் வலி காலுக்கு இறங்கும். கால் மரத்தும் போகலாம்.

நான்காவது, உலோகத்தின் உறுத்தல். மெலிந்த உடலில் திருகாணித் தலை தசையோடு உரசும். தொட்ட இடத்தில் குத்தும்.

இனி மொழிக்கு வருவோம். ரிங்லெட் போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளில் முதுகுவலி புதிதன்று. சரிவும் சுமையுமே காரணமென்று எவரும் எளிதில் முடிவு கட்டிவிடுவர். அறுவை செய்துகொண்ட இளைஞரின் வலியும் அப்பொதுக்கணக்கில் மறைந்துவிடக்கூடும். மருத்துவரிடமோ மலாயில் 'சாக்கிட்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அச்சொல் நோயையும் நோவையும் ஒருங்கே குறிப்பது. நம் வீட்டுத் தமிழிலோ குத்தல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, சுளீரெனல், மரத்தல் எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. இவை நோயை முடிவு செய்யா. அதற்கு ஊடுகதிர்ப் படம், இரத்தப் பரிசோதனை போன்றவை தேவை. ஆயினும், எதை முதலில் தேடவேண்டும் என்பதை மருத்துவருக்கு இவை உணர்த்தக்கூடும்.

ஆகவே ஆசிரியர்கள், இத்தகைய மாணவர் வலியென்று சொன்னால், எப்போது, எங்கே, எவ்வகையில், எந்த அசைவில் என நான்கு கேள்விகளைக் கேட்டு, விடைகளை அவர்தம் சொற்களிலேயே எழுதச் செய்து, அதன் பொருளை மலாயிலும் விரித்தெழுத உதவலாம். காய்ச்சல், தழும்பில் கசிவு, கால் வலுவிழத்தல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை காணப்பட்டால் காத்திருத்தல் கூடாது. அறுவை செய்துகொண்டோருள் மிகப் பலர் நலமாகவே வாழ்கின்றனர். எனினும், பழைய அறுவை என்பதனால் புதிய வலியைப் புறந்தள்ளுதல் தகாது.