ஜெட்டா, ரேஸா? வேலரன்ட்டில் நேருக்கு நேர் மோதினால் யார் கெத்து?

ராத்திரி பத்தரை மணி. காலேஜில் ஒரே பெஞ்சைத் தேய்த்த நாங்கள் அஞ்சு பேரும் இப்போ அஞ்சு ஊரில் வேலை பார்க்கிறோம். நேரில் பார்த்தே வருஷக்கணக்கு ஆச்சு. ஒண்ணா இருக்கிறதெல்லாம் ஹெட்செட்டுக்குள்ளே மட்டும்தான். அந்த ஒண்ணரை மணி நேரத்துக்கும் ஒருநாள் வேட்டு வந்தது.

"நீ பின்னாடி நின்னு கில் எடுத்துட்டே இருக்க, நான்தான் முன்னாடி போய் செத்துட்டே இருக்கேன்" என்று நான் கத்த, "நீ சொல்லாம கொள்ளாம பறந்து போய் செத்தா நான் என்ன மச்சான் பண்றது?" என்று அவன் கத்த, கால் கட். அவன் ஜெட் பிளேயர். நான் ரேஸ். மூணு நாள் குரூப்பில் ஒரு மெசேஜ்கூட இல்லை.

அந்த மூணு நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, இந்தச் சண்டைக்கு விடை இருக்கிறதா என்று உட்கார்ந்து யோசித்ததுதான். நிஜமாகவே ஜெட்டும் ரேஸும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? வாங்க, பார்க்கலாம்.

முதல்ல ஒரு குட்டி இன்ட்ரோ

வேலரன்ட் தெரியாதவர்களுக்கு மட்டும் இது. தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குப் போயிடலாம்.

ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020 ஜூனில் வெளியிட்ட ஷூட்டிங் கேம் இது. அஞ்சு பேருக்கு அஞ்சு பேர். அட்டாக் டீம் 'ஸ்பைக்' என்கிற குண்டை வைக்கணும், டிஃபென்ஸ் டீம் தடுக்கணும். 12 ரவுண்டு முடிந்ததும் பக்கம் மாறும். முதலில் 13 ரவுண்டு எடுப்பவர்களுக்கு வெற்றி. ஒரு ரவுண்டில் செத்தால் அடுத்த ரவுண்டு வரை வேடிக்கைதான் பார்க்கணும். அதனால் ஒவ்வொரு உயிருக்கும் இங்கே மரியாதை அதிகம்.

கேரக்டர்களை 'ஏஜென்ட்' என்பார்கள். அதில் 'டூயலிஸ்ட்' என்கிற பிரிவின் வேலை, முதல் ஆளாகக் கதவைத் திறப்பது. தென்கொரியாவைச் சேர்ந்த ஜெட்டும், பிரேசிலைச் சேர்ந்த ரேஸும் அந்தப் பிரிவின் இரண்டு பெரிய தலைகள்.

துப்பாக்கியில் வித்தியாசமே இல்லை

பலரும் மறந்துவிடுகிற விஷயம் இது. ஜெட் கையில் இருந்தாலும் ரேஸ் கையில் இருந்தாலும் வேண்டல் அதே வேண்டல்தான். விலை 2,900 கிரெடிட். தலையில் பட்டால் 160 டேமேஜ். முழு ஷீல்டு போட்டவருக்கே மொத்தம் 150 உயிர்தான் என்பதால், ஒரே தோட்டாவில் ஆட்டம் க்ளோஸ். இருவருக்கும் உயிர் ஒரே அளவு, ஓட்டமும் ஒரே வேகம்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே வருகிறது? சுடுவதற்கு முந்தைய இரண்டு விநாடியிலும், சுட்ட பிறகு வரும் இரண்டு விநாடியிலும்தான். எந்தத் தூரத்தில், எந்தக் கோணத்தில் சண்டை நடக்கணும் என்று முடிவு செய்யும் உரிமை யார் கையில் இருக்கிறதோ, அவர் பாதி ஜெயித்த மாதிரி.

ஜெட்: அடிச்சிட்டு எஸ்கேப்

ஜெட்டின் உயிர்நாடி 'டெயில்விண்ட்' எனும் டேஷ். சட்டென ஒரு பக்கம் பாய்ந்துவிடலாம். இதோடு மேலே எழும்ப 'அப்டிராஃப்ட்', கண்ணை மறைக்க குட்டிப் புகை.

4,700 கிரெடிட் விலையுள்ள ஆபரேட்டர் ஸ்னைப்பரில் உடம்பில் பட்டாலே 150 டேமேஜ். ஆனால், ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி உண்டு. மற்ற ஏஜென்ட்கள் அந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்வார்கள். ஜெட் மட்டும் ஒரு ஆளைத் தூக்கிவிட்டு, பறந்து மறைந்துவிடுவார்.

இந்தக் கூட்டணி எவ்வளவு பயங்கரமானது என்பதை 2021 காட்டியது. அந்த வருஷம் ஐஸ்லாந்தில் நடந்த மாஸ்டர்ஸ் தொடரை சென்டினல்ஸ் அணி வென்றபோது டென்ஸின் ஜெட்தான் எல்லோருடைய பேச்சு. டிசம்பரில் பெர்லினில் நடந்த முதல் சாம்பியன்ஸ் கோப்பையை ஏசென்ட் அணி தூக்கியபோது, துருக்கி வீரர் சிநெட்டின் ஜெட் - ஆபரேட்டர் காம்போ பெரிய பங்கு வகித்தது.

ரயட் சும்மா விடவில்லை. 2022 ஏப்ரலில் டேஷை மாற்றினார்கள். அதுவரை பட்டனைத் தட்டினால் உடனே பாய்ச்சல். அதன் பிறகு முதலில் டேஷைத் 'தயார்' செய்யணும், அதற்கப்புறம் 12 விநாடிக்குள் பயன்படுத்தணும். 2023-ல் அந்த 12 விநாடியும் 7.5 ஆகச் சுருங்கியது. அதே அப்டேட்டில் இரண்டு அப்டிராஃப்ட் ஒன்றானது. புகை நிற்கும் நேரம் 4.5 விநாடியிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது.

இதனால் என்ன ஆச்சு? எதிரி வந்த பிறகு தப்பிக்கும் வசதி போய், எதிரி எப்போது வருவான் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. கணிப்பு தப்பினால் ஜெட்டும் சாதாரண ஆள்தான்.

ரேஸ்: உள்ளே வந்தா வெடிதான்

ரேஸுக்கு எல்லாமே வெடி. 'பிளாஸ்ட் பேக்' இரண்டு கையில் இருக்கும். காலடியில் போட்டு வெடித்தால் ஆளே பறப்பார். இரண்டையும் அடுத்தடுத்து வெடித்தால், எதிரி திரும்பிப் பார்ப்பதற்குள் சைட்டுக்குள் இருக்கலாம். வெடியால் தனக்கு அடி படாது. ஆனால், ரொம்ப உயரத்திலிருந்து விழுந்தால் காயம் உண்டு.

'பெயின்ட் ஷெல்ஸ்' என்கிற கிரனேட் ஒன்று வெடித்துப் பல குட்டிக் குண்டுகளாகச் சிதறும். 'பூம் பாட்' என்கிற குட்டி ரோபோ தரையில் ஓடி, சுவரில் மோதித் திரும்பி, எதிரியைப் பார்த்துவிட்டால் துரத்திப் போய் வெடிக்கும்.

ரேஸின் பலம், ஒளிந்திருப்பவரை வெளியே வரவைப்பது. மூலையில் பதுங்கியிருப்பவருக்கு முன்னால் கிரனேட் விழுந்தால் இரண்டே வழி. அங்கேயே வெடிக்கணும், இல்லை வெளியே ஓடி வந்து தோட்டா வாங்கணும்.

பலவீனமும் அதே வெடிதான். சத்தம் மேப் பாதிக்குக் கேட்கும். பறக்கும்போது ரைஃபிளால் துல்லியமாகச் சுட முடியாது. அதனால்தான் சிலர் 1,850 கிரெடிட் 'ஜட்ஜ்' ஷாட்கன்னோடு பறந்து வந்து மூக்குக்கு நேராக இறங்குவார்கள். அதுவும் பக்கத்தில் இறங்கினால்தான் வேலைக்கு ஆகும்.

நேருக்கு நேர்: மூணு சீன்

சீன் 1, தூரம். நீளமான பாதை, அந்தப் பக்கம் ஜெட், கையில் ஆபரேட்டர். இதில் சந்தேகமே வேண்டாம், ஜெட்தான். ரேஸின் கிரனேட்டும் பூம் பாட்டும் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் ஜெட் இடம் மாறியிருப்பார்.

சீன் 2, நடுத்தரத் தூரம், இருவர் கையிலும் ரைஃபிள். இங்கே ஏஜென்ட் பெயர் முக்கியமே இல்லை. யாருடைய எய்ம் நல்லா இருக்கோ அவர்தான். தோற்றால் "ஜெட் ஓவர் பவர்" என்று சொல்லித் தப்பிக்காதீங்க.

சீன் 3, குறுகலான அறை. ரேஸுக்கு அட்வான்டேஜ். ஜெட் புகை போட்டு மறைந்தாலும், கிரனேட்டுக்குக் கண் தேவையில்லையே! ஆனால் ஒரு 'ஆனால்' உண்டு. டேஷைத் தயாராக வைத்திருக்கும் ஜெட், கிரனேட் வெடிப்பதற்குள் பாய்ந்து போய்விடலாம். அதனால் விவரமான ரேஸ், முதலில் பூம் பாட்டை அனுப்பி டேஷைச் செலவழிக்க வைத்துவிட்டு, பிறகுதான் கிரனேட்டை எடுப்பார்.

அல்டிமேட்டிலும் இதே கதை. ஜெட்டின் 'பிளேட் ஸ்டார்ம்' அஞ்சு கத்திகள். ஓடிக்கொண்டே, பறந்துகொண்டே எறிந்தாலும் குறி தப்பாது. தலையில் பட்டால் 150. ஒவ்வொன்றாக எறிந்து ஒருவரை வீழ்த்தினால் அஞ்சும் திரும்பக் கிடைக்கும். டீமே காசில்லாமல் பிஸ்டலோடு நிற்கும் ரவுண்டில், இது ஓசியில் கிடைத்த ரைஃபிள் மாதிரி. ரேஸின் 'ஷோஸ்டாப்பர்' ஒரே ஒரு ராக்கெட். பட்டால் கூட்டமாக நிற்பவர்கள் மொத்தமாகக் காலி. படாவிட்டால் கதை முடிந்தது. எடுக்கும்போதே சத்தம் போட்டு ஊரைக் கூட்டும் என்பதால், ஜெட் மாதிரி ஓடத் தெரிந்தவர்களுக்கு எதிராக அது கொஞ்சம் ரிஸ்க்.

மேப் சொல்லும் தீர்ப்பு

ஆக, பதில் ஏஜென்ட்டைவிட மேப்பில்தான் அதிகம் இருக்கிறது. பிரீஸ் மாதிரி பரந்து விரிந்த மேப்பிலும், நீளமான பார்வைக் கோடுகள் உள்ள அசென்ட்டிலும் ஜெட் ராணி. நடுப்பகுதியே இல்லாமல், குறுகலான வழிகளில் முட்டி மோத வேண்டிய பைண்ட்டிலும், இடுக்கும் ஏற்ற இறக்கமுமாக இருக்கும் ஸ்ப்ளிட்டிலும் ரேஸ் ராஜ்யம்.

தொழில்முறை அணிகள் இதைத்தான் செய்கின்றன. மேப்புக்குத் தக்கபடி டூயலிஸ்ட் மாறுவார். சில சமயம் இருவரையும் ஒரே டீமில் இறக்குவார்கள். 2023 சாம்பியன்ஸில் இரண்டாமிடம் பிடித்த சிங்கப்பூரின் பேப்பர் ரெக்ஸ், தடாலடி ஆட்டத்துக்குப் பேர்போன அணி. அதன் ஜிங் ரேஸ் எடுத்தால் எதிரணிக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

ஸ்கோர்போர்டு முழு உண்மையைச் சொல்லாது

"ஜெட்டின் கே/டி இவ்வளவு, ரேஸின் வின் ரேட் அவ்வளவு" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பிச் சண்டை போடுபவர்களுக்கு இந்தப் பகுதி. அந்த எண்களைப் படிக்கும்போது மூணு விஷயம் ஞாபகம் வையுங்க.

ஒண்ணு, யார் எடுக்கிறார்கள்? ஜெட், புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே இலவசமாகக் கிடைக்கும் ஏஜென்ட்களில் ஒருவர். ரேஸை அன்லாக் செய்யணும். அதனால் ஜெட்டின் கணக்கில் நேற்று கேம் இன்ஸ்டால் செய்தவரும் இருப்பார், ஆபரேட்டரில் ஊறித் திளைத்தவரும் இருப்பார். இரண்டு பேரையும் கூட்டி வகுத்தால் வரும் சராசரி, யாரைப் பற்றியும் உருப்படியாக எதையும் சொல்லாது.

ரெண்டு, எங்கே எடுக்கிறார்கள்? ரேஸைப் பெரும்பாலும் அவருக்குச் சாதகமான மேப்பில்தான் எடுப்பார்கள். ஜெட்டை எல்லா மேப்பிலும் எடுப்பவர்கள் உண்டு. சொந்த ஊரில் மட்டும் விளையாடுபவரையும் ஊர் ஊராகப் போய் விளையாடுபவரையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

மூணு, சாவும் ஒரே மாதிரி இல்லை. உதாரணத்துக்கு, ரேஸ் உள்ளே பறந்து செத்துவிட்டார். அடுத்த நொடியே பின்னால் வந்த நண்பர் அந்த எதிரியை வீழ்த்திவிட்டார். இதை 'ட்ரேட்' என்பார்கள். ஸ்கோர்போர்டில் ரேஸுக்கு ஒரு சாவு. ஆனால் ஆட்டம் நாலுக்கு நாலு, சைட்டும் கையில். அதுவே ரேஸ் தனியாகப் போய் செத்து, பின்னால் யாரும் வராவிட்டால்? அங்கேயும் ஒரு சாவுதான். ஆனால் டீம் அஞ்சுக்கு நாலு என்று மாட்டிக்கொண்டது. எண் ஒன்று, அர்த்தம் வேறு.

நோட்டில் எழுதினேன், வாயை மூடினேன்

அந்த மூணு நாளில் எங்கள் பழைய மேட்ச் பத்தின் ரீப்ளேக்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நான் முதலில் செத்த ரவுண்டு எத்தனை, அதில் எத்தனை முறை ட்ரேட் ஆனது என்று. என் நோக்கம் நல்ல நோக்கம் எல்லாம் இல்லை. அவன் பின்னாடியே நிற்கிறான் என்று நிரூபிக்கணும், அவ்வளவுதான்.

நோட்டு வேறு கதை சொன்னது. ட்ரேட் ஆகாத சாவுகளில் பாதிக்கு மேல், நான் "போறேன்" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பறந்தவை. அவன் அப்போதுதான் டேஷைத் தயார் செய்துகொண்டிருப்பான், அல்லது வேறு கோணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு இரண்டு விநாடி பொறுமை இல்லை. அதே சமயம், அசென்ட்டில் நான் பிடிவாதமாக ரேஸ் எடுத்த மேட்ச்களில்தான் அதிகம் அடி வாங்கியிருந்தோம்.

நோட்டைப் படம் எடுத்து குரூப்பில் போட்டேன். கீழே ஒரே வரி: "தப்பு என் பக்கம்தான் அதிகம் மச்சான்." பத்து நிமிஷம் கழித்து பதில் வந்தது: "நானும் சில ரவுண்டு கில்லுக்கு ஆசைப்பட்டு நின்னேன்டா. பத்தரைக்கு வா."

இப்போ எங்கள் டீமில் மூணு விதி:

மேப் வந்ததும் யார் முன்னாடி போகணும் என்று பேசி முடிவு செய்யணும். பெருவெளி என்றால் ஜெட் முன்னாடி, இடுக்கு என்றால் ரேஸ் முன்னாடி.

முன்னாடி போகிறவர் "மூணு, ரெண்டு, ஒண்ணு" சொல்லாமல் போகக் கூடாது.

செத்தவரிடம் "ஏன் செத்த?" என்று கேட்கக் கூடாது. "எங்க இருக்கான்?" என்றுதான் கேட்கணும்.

இதனால் ரேங்க் ராக்கெட் வேகத்தில் ஏறியதா? இல்லை, மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆனால் கால் கட் ஆவது நின்றுவிட்டது.

சரி, ஜெட்டா ரேஸா? தூரத்தில் ஜெட், நெருக்கத்தில் ரேஸ், நடுவில் உங்கள் எய்ம். இதற்கு மேல் யாராவது ஒரே பெயரைச் சொன்னால், அவர் அந்த ஏஜென்ட்டின் ரசிகர் என்று புரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு ராத்திரி லாபிக்குள் போனதும் சட்டென லாக் செய்யாமல், மைக்கை ஆன் பண்ணி, "மச்சான், இந்த மேப்பில் நீ போறியா, நான் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்க!