கீச்சிடும் பிரேக்: மருந்து முதுகில் இருக்கிறது

கோவில்பட்டியிலிருந்து இளையரசனேந்தல் போகும் சாலையில், ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. போன பங்குனியில் ஊர்க் கொடைக்காக என் சித்தப்பா மகனுடைய ஸ்போர்ட்ஸ் காரில் அதற்குள் இறங்கினோம். முன்னால் போன மினிபஸ் நிதானிக்க, இவன் பிரேக்கில் காலை வைத்தான். தகரத்தை ஆணியால் கீறியதுபோல் ஒரு கீச்சு. அது இரண்டு பக்கச் சுவரிலும் மோதி எங்களிடமே திரும்பி வந்தது. பக்கத்தில் பைக்கில் வந்தவர் காரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவையில்லை.

சென்னையில் புதிதாக 'பெர்ஃபார்மன்ஸ்' பிரேக் பேடு, அதாவது பந்தயப் பேடு, மாட்டியிருந்தான். சத்தம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று அவனுக்குச் சந்தேகம்.

ஊரில் டிராக்டருக்கும் வேனுக்கும் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். "பேடு நல்லாத்தான் இருக்கு தம்பி."

"அப்புறம் ஏன் அண்ணாச்சி இந்தக் கத்து கத்துது? கொஞ்சம் எண்ணெய் விட்டா நிக்குமா?"

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தார். "எண்ணெய் விட்டா சத்தம் நிக்கும். வண்டி நிக்காது."

அவன் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அச்சு கிறீச்சிட்டால் மை போடு என்பது மாட்டுவண்டிக் காலத்து அறிவு. ஆனால் அச்சில் உராய்வு வேண்டாத விருந்தாளி. பிரேக்கில் உராய்வுதான் வேலைக்காரன். 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் ஏறத்தாழ 580 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. இரண்டு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது ஏறக்குறையப் போதும். பிரேக்கை அழுத்தினால் மூன்று, நான்கு விநாடிக்குள் அவ்வளவும் பேடிலும் டிஸ்க்கிலும் வெப்பமாக இறங்க வேண்டும். எண்ணெய்ப் படலம் அதைக் கெடுத்துவிடும். எண்ணெய் குடித்த பேடைத் தூக்கித்தான் போட வேண்டும்.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது? அன்று ராத்திரி கொடையில் உறுமி அடித்தார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது குச்சி ஒரு கணம் ஒட்டும், மறுகணம் வழுக்கும். விநாடிக்குப் பல முறை இது நடப்பதால்தான் அந்த உறுமல். வண்டி நிற்கப் போகிற நேரத்தில் பிரேக்கிலிருந்து வருகிற முனகலும் இதே வகைதான். கீச்சு இன்னும் கொஞ்சம் சிக்கலானது. பேடு, டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகச் சில அதிர்வெண்கள் உண்டு. இரண்டு பாகங்களின் சுருதி நெருங்கிச் சேர்ந்துவிட்டால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல் உராய்வே அந்த அதிர்வை வளர்க்க ஆரம்பித்துவிடும். பொதுவாக 1,000 முதல் 16,000 ஹெர்ட்ஸ் வரை இந்தக் கீச்சு எழும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 வரை என்பது நம்முடைய துரதிர்ஷ்டம்.

டிஸ்க் என்பது கோயிலில் தொங்கும் சேகண்டிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்த சேகண்டியை அடக்க என்ன செய்வோம்? கையை வைப்போம். பேடின் முதுகில் ஒட்டும் 'ஷிம்' அந்தக் கைதான். மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு நடுவே ரப்பர் போன்ற ஒரு படலம் இருக்கும். அதிர்வை அது வாங்கி வெப்பமாகக் கரைத்துவிடும். பந்தயப் பேடுகள் பலவற்றில் இந்த ஷிம் வருவதே இல்லை. பந்தய வெப்பத்தை ரப்பர் தாங்காது. தவிர, களத்தில் யார் கீச்சைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்? 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, பிரேக் கீச்சிட்டதா என்று ஒரு ரசிகரும் கேட்கவில்லை.

இந்தத் தொல்லை டிஸ்க் பிரேக்கோடு கூடவே பிறந்தது. 1902இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வைத்தது செம்புப் பட்டை. செம்பு இரும்பில் உரசிப் போட்ட கூச்சல் சகிக்கவில்லை. 1907 வாக்கில் ஹெர்பர்ட் ஃப்ரூட் ஆஸ்பெஸ்டாஸ் பட்டையைக் கொண்டுவந்து கூச்சலை அடக்கினார். ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்கு எமன் என்று பின்னால் தெரிந்தது. 1953 லெமான் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்த பிறகுதான் உலகம் இதை முழுசாக நம்பியது.

மெக்கானிக் அண்ணாச்சி முதலில் பார்த்தது பேடின் கனத்தை. தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டிஸ்க்கில் உரசி வேண்டுமென்றே கத்துகிற ஒரு சிறு தகடு பல பேடுகளில் உண்டு. அந்தச் சத்தத்தை அடக்கக் கூடாது, பேடைத்தான் மாற்ற வேண்டும். இங்கே கனம் இருந்தது. காலிப்பர் நகரும் பின்னைத் தள்ளிப் பார்த்தார். ஒன்று கரிசல் புழுதி ஏறி இறுகிக் கிடந்தது. துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவினார். சாதா கிரீஸ் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போகும். பேடின் முதுகு பிஸ்டனைத் தொடுகிற இடத்திலும், காதுகள் உட்காரும் இடத்திலும் வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் ஒரு பூச்சு. டிஸ்க்கைத் தொடுகிற பேடின் முகத்தில் விரல்கூடப் படவில்லை. பேடின் இரண்டு ஓரங்களையும் அரத்தால் லேசாகச் சரித்துவிட்டார். ஓரம் டிஸ்க்கில் கொத்தி அதிர்வைத் தூண்டாமல் இருக்க அது.

பிறகு ஆளில்லாத நீண்ட சாலையில் 60லிருந்து 15 வரை அழுத்தமாகக் குறைத்து, நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பத்துத் தடவை. கடைசியில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டோம். புதுப் பேடின் பொருள் டிஸ்க்கில் சீரான மெல்லிய படலமாகப் படிய வேண்டும். சென்னையில் இதை யாரும் செய்திருக்கவில்லை. சூட்டோடு நிறுத்தி பெடலை மிதித்துக்கொண்டே நின்றால் ஒரே இடத்தில் திட்டாகப் படிந்து, பிறகு ஸ்டியரிங் உதறும்.

கீச்சு முக்கால்வாசி அடங்கியது. மீதிக் கால்வாசிக்கு அண்ணாச்சியிடம் மருந்தில்லை, யாரிடமும் இல்லை. பந்தயப் பேடு இருநூறு முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் தன் முழுப் பிடியைக் காட்டும். ஆடு குறுக்கே வருகிற ஊர்ச் சாலையில் அது எந்நேரமும் பச்சைத் தண்ணீராய்க் கிடக்கும். அந்த நிலையில் பிடியும் குறைவு, டிஸ்க்கையும் அரிக்கும், கத்தவும் செய்யும். விலை அதிகம் என்பதால் பிடிப்பும் அதிகம் என்று வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குவதில்லை.

"இதுக்கு இங்க வேலையில்ல தம்பி. கம்பெனிப் பேடையே மாட்டிக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி.

மாட்டிவிட்டான். பந்தயப் பேடுகள் இப்போது டிக்கியில், பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கிடக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களத்துக்குப் போகிற அன்றைக்கு மட்டும் எடுப்பானாம்.