குளியலறைக்கு வரும் சிமெண்ட்

குளியலறைச் சுவரிலும் தொட்டியிலும் பூச்சற்ற கான்கிரீட், இன்று புதிய அழகாகப் பேசப்படுகிறது. கடியாபட்டி, ராயவரம் உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களைக் கொண்ட புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சிமெண்டின் அழகு புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல், சிமெண்ட், மணல், வண்ணப்பொடி ஆகியவற்றைக் கண்ணாடியின் மேல் வார்த்து, நீரில் ஊறவைத்து உருவாவது, சூளை தேவையில்லை.

ஆனால், குளியலறை வேறு. சிமெண்டின் நுண்துளைகள் நீரை உறிஞ்சும். கழிப்பறை ஆசிட் அதன் சுண்ணாம்பை அரிக்கும். எனவே குறைந்தது 7 நாள் நீராற்றுதல், சரியான வாட்டம், நீர்புகாப் பூச்சு, மென்மையான சோப்பு ஆகிய நான்கும் கட்டாயம்.

மோர்பியிலிருந்து வரும் டைல்ஸுக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதி குஜராத்துக்குச் செல்கிறது. வார்ப்புத் தளத்திலோ கூலி உள்ளூர்க் கொத்தனாரிடம் தங்குகிறது. நீராற்றும் நாள்களைக் குறைத்து அவரை அவசரப்படுத்தினால், தளத்தின் ஆயுளும் அவருடைய நற்பெயரும் சேர்ந்தே குறையும்.